பன்னிரண்டு மீட்டர் குறைவு

ஆமைதான் குட்டை உடைத்தாள்.

கல்லூரிப் பெண்கள் ஓட்டக் குழுவில் எப்போதும் கடைசியாக வருகிறவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. இரண்டு வருடமாக அவள் எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் ஓடிக்கொண்டிருந்தாள். வெயில் கொளுத்தினாலும் இரண்டு ஐம்பது, மழையில் தரை சொதசொதவென்று கிடந்தாலும் இரண்டு ஐம்பது. பரீட்சையில் தேறினாலும் தேறாவிட்டாலும் அதேதான். அவளை வைத்துக் கடிகாரத்தைச் சரிபார்க்கலாம் என்று விளையாட்டுத் துறை டைரக்டர் எல்லோரிடமும் சொல்லுவாள். அந்த ஆமை, சளி பிடித்துப் பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு, புதன்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்து, இருமிக்கொண்டே ஓடி, இரண்டு நாற்பத்தைந்தில் முடித்தாள்.

டைரக்டர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். வாட்ச் ஒழுங்காகத்தான் இருந்தது.

"மேடம், நான் எவ்வளவு?" என்று ஆமை மூச்சிரைக்கக் கேட்டாள்.

"நல்லா ஓடின. போய்த் தண்ணி குடி."

அவள் போனதும் டைரக்டர் வாட்சை மறுபடி பார்த்தாள். யார் வேண்டுமானாலும் ஒரு நாள் திடீரென்று வேகமெடுக்கலாம். கோபத்தில் ஓடுவார்கள், காதலில் ஓடுவார்கள், எதிர்வீட்டுக்காரியை ஜெயிக்க ஓடுவார்கள். ஆனால் பத்து நாள் சளியில் கிடந்தவள் ஐந்து விநாடியைக் குறைப்பது இயற்கையில் இல்லை. ஆமை மாறவில்லை என்றால், வேறு ஏதோ மாறியிருக்கிறது.

இருபத்தொரு வருடமாக இந்த மைதானத்தில் நிற்கிறவள் அவள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'இடி' என்பார்கள், அது அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அவள் சேர்ந்தபோது கல்லூரியில் ஒன்பது அணிகள் இருந்தன. மாணவர் சேர்க்கை பாதியாகக் குறைந்த இந்த நான்கு வருடங்களில் ஒவ்வொன்றாகப் போயின. டென்னிஸ் மைதானத்தில் கேன்டீன் வந்தது. கூடைப்பந்துத் தளத்துக்குக் கூரை போட்டுத் தேர்வு அரங்கம் ஆக்கினார்கள். நீச்சல் குளத்தை மண்ணடித்து மூடி அதன்மேல் நிறுவனரின் சிலையை வைத்தார்கள். சிலைக்கு நீச்சல் தெரியாது என்பதால் அது ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் இடி முழங்கிக்கொண்டு முதல்வரின் அறைக்குள் போகும். ஒவ்வொரு முறையும் "சரி, மத்ததையாவது விட்டு வைங்க" என்று தூறலாக வெளியே வரும். இப்போது மிச்சம் இருந்தது ஓட்டம் ஒன்றுதான். அதற்கு ஒரு ட்ராக்கும் ஒரு ஸ்டாப்வாட்சும் கால்களும் போதும், அதனால்தான் அதை விட்டு வைத்திருந்தார்கள்.

அதற்கும் இந்த வருடம் நாள் குறித்தாகிவிட்டது. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிக்கு ஒரு மாணவியாவது தகுதி பெற்றால் துறை இருக்கும். இல்லையென்றால் அடுத்த வாரமே மூடப்படும், டைரக்டர் முழுநேரமாகக் கல்லூரிப் பேருந்துகளைக் கவனிக்கப் போகவேண்டும். விண்ணப்பப் படிவம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் போட்டிக் குழுவின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சொந்த ட்ராக்கில் ஓடிய நேரத்தை டைரக்டரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எண்ணூறு மீட்டருக்கான தகுதி நேரம் இரண்டு நிமிடம் இருபத்துநான்கு விநாடி.

மூன்று வாரத்துக்கு முன்பு, லீவு முடிந்து வந்த முதல் நாள், குழுவிலேயே உயரமானவள், எல்லோரும் 'ஒட்டகம்' என்று கூப்பிடுகிறவள், அதை இரண்டு இருபத்திரண்டில் ஓடினாள். டைரக்டர் அன்று வாட்சைப் பார்த்துவிட்டு, சுற்றியிருந்தவர்கள் பயந்துபோகும்படி வாய்விட்டுச் சிரித்தாள். ஒட்டகத்தைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நான்கு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு இந்தப் புதன்கிழமைவரை மற்றவர்களின் நேரத்தை அவள் குறிக்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு காரியத்தையும் மறந்துவிட்டாள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் டேப் பிடித்து ட்ராக்கை அளப்பது அவள் வழக்கம். இருபது வருடம் தவறாமல் செய்தவள், இந்த வருடம் செய்யவில்லை. லீவு முழுக்க அவளைப் புது மாணவர் பிடிக்க வீடுவீடாக அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது மைதானத்தின் மேற்கு ஓரத்தில் புதிதாகக் கார் நிறுத்துமிடம் முளைத்திருந்தது. "ட்ராக்கைத் தொட்டீங்களா?" என்று கேட்டாள். "தொடவே இல்லை மேடம்," என்றார் முதல்வர். வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. நம்பினாள்.

அதை நினைத்தபோது அவளுக்குக் காது சூடானது.

"அண்ணே!" என்று மைதானம் அதிரக் கூப்பிட்டாள். "டேப்பை எடுத்துட்டு வாங்க!"

மைதானப் பணியாளர் ஓடி வந்தார். கோடு போட்டுப் போட்டு இவர் கை எப்போதும் வெள்ளையாக இருக்கும். அதனால் கல்லூரி முழுக்கச் சுண்ணாம்பு என்றுதான் பெயர். டேப்பைப் பார்த்ததுமே அவர் முகம் சுண்டிப்போனது.

ட்ராக்கை அளக்க முழுச் சுற்றும் போகவேண்டியதில்லை. இரண்டு நேர்ப்பகுதி, இரண்டு வளைவு. நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் எண்பத்துநான்கு மீட்டர் முப்பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அந்த எண் அவளுக்குப் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும். அவர் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தாள். வளைவு தொடங்கும் இடத்தில் குனிந்து பார்த்தாள்.

எழுபத்தெட்டு மீட்டர் முப்பத்தொன்பது.

மறுபடி இழுத்தாள். எதிர்ப்பக்கம் போய் இழுத்தாள். அங்கேயும் எழுபத்தெட்டு முப்பத்தொன்பது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆறு. ஒரு காரை நிறுத்தி, கதவைத் திறந்து, தொப்பையை வெளியே எடுக்கத் தேவையான இடம். சுற்று நானூறு இல்லை, முந்நூற்று எண்பத்தெட்டு. எண்ணூறு மீட்டர் ஓடியதாக நினைத்த பிள்ளைகள் இருபத்துநான்கு மீட்டரை ஓடவே இல்லை.

"யார் சொல்லிக் கோடு போட்டீங்க?"

"மேற்கு வளைவை அப்படியே உள்ள தள்ளிப் போடச் சொன்னாங்க மேடம். போட்டேன்."

"சொன்னா போட்டுடுவீங்களா? பதினெட்டு வருஷமா கோடு போடறீங்களே, எத்தனை மீட்டர்னு தெரியாது உங்களுக்கு?"

"தெரியும் மேடம். உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன்." சுண்ணாம்பு தரையைப் பார்த்தார். "சுற்றறிக்கைல உங்க கையெழுத்து இருந்துச்சே."

அவள் டேப்பைச் சுருட்டினாள். அலுவலகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்கச் சொன்னாள். 'வாகன நிறுத்த விரிவாக்கம், மேற்குப் பகுதி, ஆறு மீட்டர்.' கீழே அவள் கையெழுத்து, நீளமான வாலோடு. புது மாணவர் பிடிக்கக் கிளம்பிய அன்று காலையில் எழுத்தர் நீட்டிய முப்பது காகிதங்களில் ஒன்று. படிக்காமல் போட்டது. யாரைத் திட்டுவது? திட்டத்தான் இருந்தார்கள் நிறையப் பேர். ஆனால் வரிசையில் முதல் ஆளாகத் தானே நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

முதல்வரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள்.

முதல்வர் மெலிந்த மனிதர். கத்தாதவர், எதிராளி கத்தக் கத்தக் குரலை இன்னும் தாழ்த்துகிறவர். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரிகைத் துணுக்கு ஒன்று இருந்தது. 'சரிவிலும் சாதிக்கும் கல்லூரி' என்று தலைப்பு, கீழே ஒட்டகத்தின் படம், பக்கத்தில் முதல்வரின் அதைவிடப் பெரிய படம்.

"ட்ராக் பன்னிரண்டு மீட்டர் குறையுது சார்."

"உட்காருங்க மேடம்."

"உட்கார வரல. தொடவே இல்லைன்னு சொன்னீங்களே?"

"ட்ராக்கைத் தொடலையே. கொஞ்சம் நகர்த்தினோம்."

"கொஞ்சமா? அந்தப் பொண்ணு ஓடினது எண்ணூறே இல்ல சார். எழுநூத்தி எழுபத்தாறு! அவ நேரம் செல்லாது."

முதல்வர் படிவத்தை மேஜையின் குறுக்கே மெல்ல நகர்த்தினார். எல்லாம் பூர்த்தியாகி இருந்தது. 'ட்ராக்கின் நீளம்: 400 மீட்டர்' என்று அச்சிலேயே இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"யார் மேடம் டேப்பைத் தூக்கிட்டு வந்து அளக்கப் போறாங்க?"

"நான் அளந்துட்டேனே."

"நீங்க அளந்தது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நிர்வாகத்துக்குத் தேவை ஒரு பேரு. ஒரு பேரு உள்ள போயிட்டா துறை பிழைச்சுது, நீங்க பிழைச்சீங்க, பிள்ளைங்க பிழைச்சாங்க. இதுல யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?"

"அங்க ட்ராக் நானூறு மீட்டர் இருக்கும் சார். அங்க போய் அவ கடைசியா வந்து நிப்பா. ஊரே சிரிக்கும்."

"கலந்துக்கிட்டதே பெருமைதானே?" என்றார் முதல்வர், ஏதோ அவரே அதைக் கண்டுபிடித்ததுபோல. பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அதோட மேடம், அந்தச் சுற்றறிக்கைல உங்க கையெழுத்து இருக்கு. விஷயம் வெளிய போனா முதல் கேள்வி உங்ககிட்டதான் வரும்," என்றார்.

கையில் இருந்த டேப்பை அவர் மேஜையில் தொப்பென்று வைத்தாள். பேனா ஸ்டாண்ட் சரிந்தது. "வரட்டும். எங்கிட்டயே வரட்டும்," என்றாள். வெளியே வந்த பிறகுதான் டேப்பை எடுக்காமல் வந்தது ஞாபகம் வந்தது. மறுபடி உள்ளே போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் கோபத்தின் கௌரவம் பாதி போய்விட்டது.

சாயங்காலம் வீட்டில் அவள் தட்டுகளை எடுத்து வைத்த சத்தத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்தது. அவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். முன்னறை முழுக்க அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த மெஷின்கள் கிடக்கும், உட்காரும் இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஊரே பயப்படும் இடிக்குப் பயப்படாத ஒரே மனிதர் அவர். அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று நல்ல நாட்களில் சொல்வாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "போட்டுடு," என்றார்.

"என்ன போட்டுடு?"

"கையெழுத்தை. படிக்காம ஒண்ணு போட்டல்ல, படிச்சு ஒண்ணு போடு."

"ஏங்க, வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க."

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. அவங்க ஆறு மீட்டரைத் திருடினாங்க. நீ அதே பொய்யை வச்சு உன் பிள்ளைங்களைக் காப்பாத்திக்க. கணக்கு நேராயிடும்."

"ஆகாது!" என்றாள். குரல் தெருவரை போயிருக்கும். "எனக்கு அந்த எண்ணு ஒண்ணுதான் பாக்கி இருக்கு. டென்னிஸைக் கொடுத்தேன். குளத்தைக் கொடுத்தேன். கூடைப்பந்தைக் கொடுத்தேன். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். நானூறுன்னா நானூறுங்கிறதையும் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு அங்க? விசில் ஊதறதுக்கா?"

அவர் துணியை மடித்து வைத்தார். பிறகு, "போட மாட்டேன்னு முன்னாடியே தெரியும். தட்டை ஒடைக்காம சாப்பிடு," என்றார்.

சாப்பிடும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோட்டை நகர்த்தினால் என்ன, ஓட்டத்தை நகர்த்த முடியாதா? புறப்படும் கோட்டை இருபத்துநான்கு மீட்டர் பின்னால் தள்ளிப் போட்டால் இரண்டு சுற்றில் சரியாக எண்ணூறு வந்துவிடும். குறைபட்ட ட்ராக்கிலேயே முழு எண்ணூறு. ஒட்டகம் அதை இரண்டு இருபத்துநான்குக்குள் ஓடிவிட்டால் போதும், ஒரு பொய்யும் வேண்டாம், ஒருத்தன் காலையும் பிடிக்க வேண்டாம். அதே வேகத்தில் ஓடினால் இரண்டு இருபத்தாறு வரும், அது அவளுக்குத் தெரியும். இரண்டு விநாடிதானே? இரண்டு விநாடியைக் கோபத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். பிறருடைய கால்களை வைத்துத் தன் கோபத்தை ஓடவிட நினைப்பது அவள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி.

வியாழக்கிழமை குழுவுக்கு ஓய்வு கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை. சுண்ணாம்பும் அவளும் டேப்பை மூன்று தரம் இழுத்து, இறுதிக் கோட்டிலிருந்து சரியாக இருபத்துநான்கு மீட்டர் பின்னால் புதுக் கோடு போட்டார்கள். சுண்ணாம்பு அந்தக் கோட்டைப் போட்ட மாதிரி வேறு எதையும் போட்டதில்லை. மன்னிப்புக் கேட்கிறவர் போல, ஊதி ஊதிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. காற்று இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை. குழுவின் நான்கு பெண்களும் கால்களை உதறிக்கொண்டு வந்தார்கள். டைரக்டர் புதுக் கோட்டைக் காட்டி, "இங்கேருந்து," என்றாள்.

ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய் நின்றார்கள். அது அவளுக்கு விநோதமாகப் பட்டது, ஆனால் அதை நிறுத்தி யோசிக்க அப்போது மனம் இல்லை. சரியாக அந்நேரம் முதல்வரின் கார் வந்து புது நிறுத்துமிடத்தில் நின்றது. அவர் இறங்கி, கையில் படிவத்தோடு, வளைவின் ஓரமாக நின்றார். நிற்க இடமா இல்லை அவருக்கு?

விசில் ஊதினாள். அவளிடம் ஒரு வாட்ச், சுண்ணாம்பிடம் ஒரு வாட்ச்.

ஒட்டகம் முதல் வளைவிலேயே முன்னால் வந்துவிட்டாள். நீளமான கால்கள், அவசரம் இல்லாததுபோல் தெரியும், ஆனால் பக்கத்தில் வருகிறவள் இரண்டு எட்டு வைக்கும்போது இவள் ஒன்று வைப்பாள். முதல் சுற்றின் முடிவில் டைரக்டர் நேரத்தைக் கூவினாள். சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் சுற்றின் எதிர்ப்பக்க நேர்ப்பகுதியில் ஒட்டகத்தின் தோள்கள் மேலே ஏற ஆரம்பித்தன. தோள் ஏறினால் மூச்சு இறங்குகிறது என்று அர்த்தம்.

"தோளை விடு! கையை வீசு! வீசுடி!" என்று கத்திக்கொண்டே டைரக்டர் உள்பக்கமாகக் கூடவே ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், கழுத்தில் விசில் தாவ, முழங்கால் முனக. முதல்வர் நின்ற வளைவை ஒட்டகம் கடந்தபோது அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கடைசி நாற்பது மீட்டரில் அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. வாய் கோணியது, கண் செருகியது. ஆனாலும் கால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி இரண்டு அடி போய்க் குப்புற விழுந்தாள்.

டைரக்டர் வாட்சைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் இருபத்துநான்கு விநாடி, அதற்குமேல் பத்தில் ஆறு. சுண்ணாம்பின் கையைப் பிடித்து இழுத்து அவர் வாட்சைப் பார்த்தாள். அதேதான்.

பிள்ளை வாழ்நாளில் இதற்குமுன் முழு எண்ணூறை இவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை. தகுதி நேரத்தைத் தாண்டியது ஒரு விநாடிகூட இல்லை, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கண்ணை ஒரு தரம் மூடித் திறக்கிற நேரம். பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆமை இரண்டு ஐம்பது. அதாவது தூரம் சரியாகிவிட்டது, உலகம்தான் சரியாகவில்லை.

முதல்வர் புல்லில் கால் வைத்து நிதானமாக வந்தார். வாட்சை எட்டிப் பார்த்தார். "அட, இருபத்துநாலுதானே வந்திருக்கு. அப்புறம் என்ன மேடம், எழுதிடுங்க."

"இருபத்துநாலு புள்ளி ஆறு."

"புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்தேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நிறுத்துமிடத்தில் ஒரு காரோட்டி தலையை வெளியே நீட்டினார். "புள்ளிக்கு அப்புறம் இருக்கறதுதான் சார் என் பொழப்பு! ஆறு மீட்டரை நீங்க தின்னீங்க, இந்தப் புள்ளியையும் தின்னணுமா? இன்னும் எவ்வளவுதான் பசி உங்களுக்கு?"

முதல்வர் முகம் மாறாமல் படிவத்தை அவள் கையில் வைத்தார். "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. போடலைன்னா திங்கட்கிழமை பேருந்து அலுவலகத்துல சாவி வாங்கிக்குங்க." திரும்பி நடந்தார். புதிதாகப் போட்ட கோட்டை மிதித்துக்கொண்டே போனார். சுண்ணாம்பு குனிந்து கலைந்த கோட்டைக் கையால் சரிசெய்தார்.

பெண்கள் நான்கு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? டைரக்டர் சொல்லிவிட்டாள். ட்ராக் குறைந்ததைச் சொன்னாள். தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். மூன்று வாரமாக அவர்கள் ஓடியது எதுவும் செல்லாது என்றும், இன்று ஓடியதுதான் நிஜம் என்றும் சொன்னாள்.

ஒருத்தியும் அதிரவில்லை.

ஒட்டகம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "தெரியும் மேடம்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ட்ராக் குறைஞ்சது. முதல் நாளே தெரியும். ஒரு சுத்துக்கு எனக்கு எத்தனை எட்டுன்னு எனக்குத் தெரியாதா? அதுல ஏழு குறைஞ்சுது. வளைவு சீக்கிரமே வந்துடுச்சு. நாலு பேரும் பேசிக்கிட்டோம்."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

ஆமைதான், இருமிக்கொண்டே, "சொல்லத்தான் வந்தோம் மேடம்," என்றாள். "நீங்க அன்னிக்குச் சிரிச்சீங்க. ரெண்டு வருஷத்துல நீங்க சிரிச்சு நாங்க பார்த்ததே இல்ல. அதான் சொல்லாம விட்டுட்டோம்."

டைரக்டருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. கோபம் வந்தது, வழக்கமாக வருவதுபோல மூக்குக்குமேல் வந்தது, ஆனால் வந்து நின்று பார்த்தால் எதிரில் திட்டுவதற்கு ஆள் இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் அவளுக்காகப் பாவம் பார்த்து, மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு, பொய் நேரத்துக்குக் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். அவள் அளந்திருக்க வேண்டியதை அவர்கள் கால்கள் அளந்திருக்கின்றன.

"நீங்களும் சேர்ந்து என்னை ஏமாத்துனீங்களா?" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகு அது அநியாயம் என்று தெரிந்தது.

ஒட்டகம் எழுந்து நின்றாள். இப்போது அவள் டைரக்டரைவிட ஒரு தலை உயரம்.

"ஆமா மேடம், ஏமாத்தினோம். உங்களுக்காக மூணு வாரம் பொய் சொன்னோம். எங்களுக்காக நீங்க ஒரு பொய் சொல்ல மாட்டீங்களா?"

டைரக்டர் அவசரமாக ஒரு பதிலைத் தேடினாள். இருந்தது ஒன்றுதான், முதல்வரிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"போனா அங்க ட்ராக் நானூறு. நிஜமா ரெண்டு பதினஞ்சு ஓடறவங்க எல்லாம் வருவாங்க. நீ கடைசியா வந்து நிப்ப. அந்த அவமானம் உனக்குத் தெரியாது."

"கடைசியா வந்தா என்ன மேடம்?" ஒட்டகத்தின் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "கடைசியா வர்றதுக்காவது ஓடியிருப்பேனே. இப்ப அதுவும் இல்ல. திங்கட்கிழமைலேருந்து எங்க ஓடறது நான்? பஸ்ஸுக்குப் பின்னாடியா?"

டைரக்டர் பேனாவை எடுத்தாள். இந்தப் பெண் சொல்வதில் தப்பு இருந்தது, எங்கே தப்பு என்றும் அவளுக்குத் தெரிந்தது, ஆனால் அதை எடுத்துச் சொல்லும் யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

படிவத்தைத் தொடையில் வைத்துக் குனிந்து எழுதினாள். அச்சிலிருந்த 400-ஐ அடித்துவிட்டு 388 என்று எழுதினாள். புறப்படும் கோடு இருபத்துநான்கு மீட்டர் பின்னால் என்று எழுதினாள். முதல்வர் நிரப்பி வைத்திருந்த இருபத்திரண்டை அடித்தாள். இரண்டு நிமிடம் இருபத்துநான்கு புள்ளி ஆறு. ட்ராக் குறைந்ததற்கான உத்தரவில் தன் கையெழுத்தும் உண்டு என்பதை ஓரத்தில் எழுதினாள். கையெழுத்திட்டாள். ஓடியவளும் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் ஒன்று கீழே இருந்தது. பேனாவோடு படிவத்தை நீட்டினாள்.

ஒட்டகம் அதை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள், பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி.

"படிச்சுட்டுப் போட்டேன் மேடம்," என்றாள்.

படிவத்தைச் சுண்ணாம்பின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மற்ற மூவரும் அவள் பின்னால் போனார்கள். டைரக்டர் அவர்களைக் கூப்பிடவில்லை.